தூத்துக்குடியிலிருந்து வந்த ஜிப்ஸி: அடியில் புதுக் கறுப்பு, அதற்குள் என்ன?

அரவேணு_பச்சை | நவம்பர் 8, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகச் சும்மா படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போது கேள்வி கேட்கும் நிலைமை வந்திருக்கிறது. போன வாரம் மாருதி ஜிப்ஸி ஜீப் ஒன்று வாங்கினேன். 2010 மாடல், 1.3 லிட்டர் பெட்ரோல், ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரமும் இழுக்கும்), மேலே தார்ப்பாய்க் கூரை. தோட்டத்துக்குத்தான். மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தேயிலைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வாடகை பிக்கப்காரர்கள் என் போனையே எடுப்பதில்லை.

எஞ்சின் நன்றாக இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு முனகாமல் ஏறியது, சூடேறவில்லை, புகையில்லை. அந்த சந்தோஷத்தில் அடிப்பக்கத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன். கோவையில் விற்றவர் வண்டியைத் தூக்கித்தான் காட்டினார், முழுக்கப் புதுத் தார் ஊற்றின மாதிரி பளபளவென்று கறுப்பு. "புதுசா அண்டர்கோட்டிங் அடிச்சிருக்கு சார், பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாம்" என்றார். ஒரே ஓனர், டாக்டர் வைத்திருந்த வண்டி என்றும் சொன்னார். (விற்பனைக்கு வரும் எல்லாப் பழைய வண்டியையும் ஒரு டாக்டர்தான் வைத்திருந்திருக்கிறார், கவனித்திருக்கிறீர்களா?)

வீட்டுக்கு வந்து ஆர்.சி.யை நிதானமாகப் படித்தால் முதல் ஓனர் விலாசம் தூத்துக்குடி. உப்பளத்து ஊர். பின்பக்க ரப்பர் மேட்டைத் தூக்கினால் அடியில் இருந்த சணல் விரிப்பு ஈரம், அதன் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. நாக்கில் வைத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் டீசலும் பழைய ஆயிலும் கலந்து அடித்தால் போதும் என்கிறார். குன்னூரில் ஒரு கடையில் டெஃப்லான் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது? எங்கே எல்லாம் பார்ப்பது? பணத்தைக் கொட்டிவிட்டேன், திருப்பிக் கொடுக்கும் பேச்சே இல்லை, அதனால் "ஏன் வாங்கினாய்" என்று மட்டும் கேட்காதீர்கள்.

கட்டபெட்டு_டிங்கர் | நவம்பர் 8, இரவு 11.15

தம்பி, வாங்கியாச்சு, சரி. இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். நான் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன், அப்பா காலத்திலிருந்து இதே வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

விற்பதற்கு முந்தின வாரம் அடித்த கறுப்பு வண்டிக்காக அடித்ததல்ல, உங்கள் கண்ணுக்காக அடித்தது. துருவைச் சுரண்டாமல் மேலே தார் பூசினால் துரு நிற்காது. ஓரத்தில் எங்கேயாவது விரிசல் விடும், அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், போன தண்ணீர் காய வழியில்லாமல் தாருக்கும் இரும்புக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். மூடாமல் விட்டிருந்தால் ஐந்து வருஷத்தில் போகிற தகடு மூடிவைத்தால் அதற்கு முன்பே போவதை எத்தனையோ வண்டியில் பார்த்துவிட்டேன். டெஃப்லான், அது இது என்று இப்போது எதையும் மேலே பூசாதீர்கள். முதலில் கறுப்பைக் கிளப்ப வேண்டும்.

முழுவதும் கிளப்புவதற்கு முன்னால் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள், இல்லையென்றால் பட்டறைப் பள்ளத்தில் விடுங்கள். சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அதன் நெடுக முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு. நல்ல இரும்பு கணீரென்று பேசும். தின்றுபோன இடம் "டொப்" என்று அட்டைப்பெட்டி மாதிரிச் சொல்லும். சந்தேகப்பட்ட இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்துங்கள், இறங்கினால் அங்கே இரும்பு இல்லை, பெயின்ட்தான் இருக்கிறது. இந்த வண்டி சேஸிஸ் பெட்டி மாதிரி மூடின குழாய், துரு உள்ளிருந்து வெளியே வரும், வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி கதை முடிந்திருக்கும். போனில் செருகுகிற சின்னக் கேமரா ஒயர் ஒன்று ஆன்லைனில் கிடைக்கும், சேஸிஸ் ஓட்டை வழியாக விட்டுப் பாருங்கள், செலவுக்குத் தகுந்தது.

அதிகம் போகிற இடம் பின் சக்கரத்துக்குப் பின்னால், கமான் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் மாட்டியிருக்கும் இடம். டயர் அள்ளி வீசும் சேறெல்லாம் அங்கேதான் சேரும். அப்புறம் பாடி சேஸிஸ் மேல் உட்காரும் ரப்பர் கட்டைகளைச் சுற்றி, பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம், பேட்டரித் தட்டுக்கு அடியில், முன் கண்ணாடிச் சட்டத்தின் கீழ் விளிம்பு, கதவின் அடி மடிப்பு. பாடியில் காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டுங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதையெல்லாம்விட முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பைப். சேஸிஸ் ஓரமாக ஓடும் இரும்புக் குழாய், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் கிளிப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். செதில் செதிலாக வந்தால் அந்தப் பைப்பை மாற்றும்வரை வண்டியை மேட்டுப்பாளையம் பக்கம் இறக்காதீர்கள். கோத்தகிரியிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். தரை ஓட்டையானால் கால் நனையும், அவ்வளவுதான். பிரேக் பைப் வெடித்தால் நான் சொல்லத் தேவையில்லை. பிரேக் ஆயிலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், அது காற்றில் இருக்கும் ஈரத்தையே குடிக்கிற சரக்கு.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று தார் ரோட்டில் போட்டுத் திருப்பிப் பார்க்காதீர்கள், முறுக்கிக்கொள்ளும். சேற்றில் போய், முன் சக்கர ஹப்பை லாக் செய்து, லோ கியர் போட்டு இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்கள், லீவர் தானாக வெளியே துள்ளினால் டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) வேலை இருக்கிறது. முன்னும் பின்னும் ஆக்ஸில் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள், பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கினதும் குளிர்ந்து மூச்சை உள்ளே இழுக்கும், ஆக்ஸில் மூச்சுவிடும் பிரீதர் குழாய் விட்டுப்போயிருந்தால் அது தண்ணீரைத்தான் இழுக்கும்.

மன்னவனூர்_வளைவு | நவம்பர் 9, காலை 6.05

டிங்கர் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் உங்கள் ஊர் மெக்கானிக்கைத் தப்பு சொல்ல மாட்டேன். நான் மன்னவனூர், கவுஞ்சி, பூம்பாறை பக்கம் இருபது வருஷமாகப் பழைய டீசல் ஜீப் ஓட்டுகிறேன். உருளைக்கிழங்கு, பூண்டு, கேரட், உரம், சில நாள் ஆள், சில நாள் ஆடு. வருஷத்துக்கு இரண்டு தடவை வாட்டர் சர்வீஸ் விட்டு, மறுநாள் டீசலும் கழித்த ஆயிலும் கலந்து அடிப்பேன். செலவு என்று பார்த்தால் டீக்கடைக் கணக்குதான். அடியில் ஆயிலும் மண்ணும் சேர்ந்து ஒரு தோல் மாதிரிப் பிடித்திருக்கிறது, சுரண்டினால் உள்ளே கம்பெனி பெயின்ட் தெரிகிறது. கொடைக்கானல் பனியில் இதைவிட என்ன வேண்டும்?

ஒன்றே ஒன்று, பின்னால் தொட்டித் தரை மட்டும் எனக்கு இரண்டு தடவை போய்விட்டது, இரண்டு தடவையும் புதுத் தகடு அடித்தேன். அது மூட்டை இழுக்கிற தேய்மானம், வேறொன்றும் இல்லை.

ஊட்டி_சோதனைக்குழாய் | நவம்பர் 9, மாலை 5.30

நான் வண்டி ஆள் இல்லை, வேதியியல் டீச்சர். வீட்டுக்காரரின் ஜீப்பால் இங்கே வந்து மாட்டிக்கொண்டவள். மன்னவனூர் அண்ணா, கோபப்படாதீர்கள், உங்கள் தொட்டித் தரை தேய்மானத்தால் போகவில்லை என்று நினைக்கிறேன். உரம் ஏற்றுவேன் என்கிறீர்கள். பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பு சோடியம் குளோரைடு. இரும்பைத் தின்பதில் இரண்டும் அண்ணன் தம்பி. மூட்டையிலிருந்து சிந்தினது ரப்பர் மேட்டுக்கு அடியில் போய், மூடுபனியில் கசிந்து, தகட்டின் மேல் உப்புத் தண்ணீராக உட்கார்ந்திருக்கும். தூத்துக்குடிக்குப் போகாமலேயே உங்கள் ஜீப்புக்குக் கடற்கரை வந்துவிட்டது.

மழைத் தண்ணீர் மட்டும் என்றால் நனைந்து காய்ந்துவிடும். உப்பு இருக்கும் இடம் காயவே காயாது, காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மின்சாரம் ஓடுவதற்கு வழியும் போட்டுக் கொடுக்கும், துரு என்பதே அடிப்படையில் மின்வேதி வேலைதானே. நம் ஊரில் மாதக்கணக்கில் மூடுபனி. அதனால் உப்பு உள்ளே இருக்கும்போது மேலே தார் அடித்தாலும் ஆயில் அடித்தாலும் உப்பைப் பத்திரமாகப் பூட்டி வைத்த மாதிரிதான்.

கழித்த ஆயிலைப் பற்றி இன்னொரு விஷயம். எஞ்சினில் எரிந்த அமிலமும் உலோகத் தூளும் அதில் இருக்கிறது, ரப்பர் புஷ்களை ஊத வைக்கும், முதல் மழையிலேயே சொட்டி ஓடையில் கலக்கும். நமக்குக் கீழே இருப்பவர்கள் குடிக்கிற தண்ணீர் அது. மலைமேல் இருப்பவர்களுக்கு அந்தப் பொறுப்பு கொஞ்சம் கூடுதல் என்று நினைக்கிறேன்.

அரவேணு தம்பிக்கு ஒரு யோசனை. பிளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்தது நினைவிருக்கிறதா? சேஸிஸ் உள்ளே நல்ல ஊற்றுத் தண்ணீர் விட்டுக் கழுவி, கீழே ஒழுகும் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடியுங்கள். கழுவுவதற்கு முன் அதே ஊற்றுத் தண்ணீரையும் இன்னொரு பாட்டிலில் எடுங்கள், ஒப்பிட வேண்டும். தெரிந்த பள்ளி ஆய்வகத்தில் டீச்சரிடம் கேட்டால் நீர்த்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விடுவார்கள். தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வந்தால் குளோரைடு. கழுவக் கழுவ அது குறைந்து, ஊற்றுத் தண்ணீர் அளவுக்குத் தெளியும்வரை கழுவுங்கள். வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. சில்வர் நைட்ரேட்டைக் கையில் படவிடாதீர்கள், விரல் கறுத்துப்போனால் தோல் உரியும்வரை போகாது.

அரவேணு_பச்சை | நவம்பர் 17, இரவு 8.20

டீச்சர், டிங்கர் அண்ணா, இருவருக்கும் நன்றி. ஒரு வாரம் வண்டிக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தினேன்.

சேஸிஸ் பெரும்பாலும் கணீரென்றுதான் சொல்கிறது. இடது பின் ஷாக்கிள் இடம் மட்டும் "டொப்". திருப்புளி கைப்பிடி வரை இறங்கியது, வெளியே எடுத்தபோது கூடவே ஒரு கை செம்மண் மாதிரி கொட்டியது, அது மண் இல்லை, இரும்பு. முன் இருக்கைக்குக் கீழே தரையில் காந்தம் ஒட்டவில்லை. கிளப்பினால் ஃபைபர் துணி, அதன் மேல் பட்டி, அதன் மேல் கறுப்பு. அதன் கீழே தரை என்று ஒன்று இல்லை, என் வீட்டு முற்றம் தெரிந்தது. டாக்டர் ஆபரேஷன் செய்து தையல் போட்டு அனுப்பியிருக்கிறார்.

பின் பிரேக் பைப்பில் கிளிப் அடியில் செதில். நெடுக மாற்றிவிட்டேன், இதில் யோசிக்கவே இல்லை. ஆக்ஸில் ஆயில் பின்னால் சுத்தம், முன்னால் பால் காபி. பிரீதர் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துணியைத் திணித்து வைத்திருக்கிறார்கள்.

பாட்டில் சோதனைதான் சுவாரசியம். எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தவன் என்பதால் லேபில் விட்டார்கள். ஊற்றுத் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவு. சேஸிஸ் கழுவின முதல் பாட்டில் நிஜமாகவே தயிர். பரீட்சையில்கூட எனக்கு இவ்வளவு அழகாக வந்ததில்லை. இரண்டாவது கழுவலில் மோர், மூன்றாவதில் நீர்மோர், ஐந்தாவது கழுவலில்தான் ஊற்றுத் தண்ணீரோடு ஒத்துப்போனது. சேஸிஸ் அடி ஓட்டைகள் எல்லாம் தார் அடைத்திருந்தன, சைக்கிள் போக்ஸ் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன், ஒன்றிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் வந்தது.

இனி வெல்டிங், கோட்டிங். இப்போதே செய்யலாமா? இங்கே விடாமல் தூறல்.

கட்டபெட்டு_டிங்கர் | நவம்பர் 17, இரவு 10.50

வெல்டிங் இப்போதே செய்யலாம், பெயின்ட் இப்போது வேண்டாம். ஷாக்கிள் இடத்தைச் சாதாரண கேட் வெல்டரிடம் விடாதீர்கள், சேஸிஸ் வேலை தெரிந்தவரிடம் சிஓடூ வெல்டிங்கில் செய்யுங்கள். தின்றுபோனதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தகடு, ஓட்டைக்கு மேல் ஒட்டுப்போடுவது துணிக்குச் சரி. தகட்டின் ஓரம் சேஸிஸுக்குக் குறுக்கே நேர்கோடாக வராமல் சாய்வாக வரட்டும், நேர்கோட்டு வெல்டிங்கில்தான் பின்னால் விரிசல் ஓடும். பெட்ரோல் டேங்கை இறக்காமல் யாராவது நெருப்பு வைக்க வந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். பேட்டரி ஒயரையும் கழற்றுங்கள்.

பெயின்ட்டுக்குத் தை, மாசி வரட்டும். பனி நாளில் இரும்பு காற்றைவிடச் சில்லென்று இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்திருக்கும், அதன் மேல் அடிக்கும் எதுவும் நிற்காது. எபாக்சி பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) குளிரில் இறுகவும் நாளாகும். வெயில் ஏறின பிறகு பதினொரு மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை காய வைத்து, துருவை மாற்றும் கன்வெர்ட்டர் திரவம் மட்டும் தடவி வையுங்கள். ரெட் ஆக்சைடு ஒன்றே போதும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள், வீட்டு கேட்டுக்குச் சரி, சேற்றில் உருளும் வண்டிக்குத் தனியாக அது தாங்காது.

வெளிப்பக்கம் எபாக்சி பிரைமர், அதன் மேல் சேஸிஸ் பெயின்ட். குழாயின் உள்பக்கம் பெயின்ட் போகாது, அங்கே மெழுகு ஸ்ப்ரேதான், நீளமான குழாய் முனையோடு வரும். டப்பாவைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துவிட்டு அடித்தால் இளகி மடிப்புக்குள் ஓடும். அடித்த பிறகு அடி ஓட்டைகள் திறந்திருக்கின்றனவா என்று மறுபடி போக்ஸ் கம்பி. கெட்டித் தார் எங்கேயும் வேண்டாம். மெழுகில் கீறல் விழுந்தால் தெரியும், திரும்ப அடித்துக்கொள்ளலாம். தாரில் நமக்கு எதுவும் தெரியாது, அதுதான் அதன் குறை.

ஊட்டி_சோதனைக்குழாய் | நவம்பர் 18, காலை 7.10

கன்வெர்ட்டர் பற்றி ஒரு வரி. பாஸ்பாரிக் அமிலம் உள்ளது துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும், டானின் உள்ளது கறுப்பாக்கிப் பிடித்துவைக்கும். கடுக்காய்ச் சாற்றில் இரும்பைப் போட்டு அந்தக் காலத்தில் கறுப்பு மை செய்தது இதே வினைதான். அதற்காகத் தேயிலை விவசாயி வீட்டு டீயைக் காய்ச்சித் தடவிவிடாதீர்கள், அவ்வளவு அடர்த்தி போதாது! எதுவானாலும் உதிரும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்த பிறகுதான், கெட்டியான செதில் மேல் தடவினால் மேல்தோல் மட்டும்தான் மாறும்.

பர்லியார்_நிழல் | நவம்பர் 18, காலை 9.00

ஒன்று விட்டுவிட்டீர்கள். சேஸிஸ் நம்பர் இரும்பிலேயே குத்தியிருக்கும். 2010 மாடல் என்றால் பதினைந்து வருஷக் கணக்குக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி.யை ஐந்து வருஷம் நீட்டிக்க வேண்டும், அப்போது அந்த நம்பரைப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் கிரைண்டர் வைக்கவே கூடாது. கையால் மெதுவாகத் துடைத்து, பென்சில் பிரிண்ட் ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, மேலே கிரீஸ் மட்டும் தடவுங்கள். வேகத்தில் கிரைண்டரை ஓட்டிவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடந்த ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

அரவேணு_பச்சை | பிப்ரவரி 2, மாலை 6.45

வேலை முடிந்தது. ஷாக்கிள் இடமும் தரையும் புதுத் தகடு. தைப் பொங்கல் முடிந்து நான்கு நாள் நல்ல வெயில் கிடைத்தது, அதில் பிரைமரும் பெயின்ட்டும், ஒரு வாரம் விட்டு உள்ளே மெழுகு. நம்பர் இடத்தை நானே பல் துலக்கும் பிரஷால் துடைத்தேன், யாரையும் கிட்டே விடவில்லை. சணல் விரிப்பைத் தூக்கி எறிந்துவிட்டேன், ரப்பர் மேட் மட்டும், அதுவும் ராத்திரி வெளியே எடுத்துத் தொங்கவிடுவேன். வண்டியைப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் போர்த்துவதையும் நிறுத்தியாயிற்று, உள்ளே வியர்த்துக் கொட்டுகிறது. தகரக் கூரைக்குக் கீழே, சுற்றிலும் காற்று வர, ஜல்லி மேல் நிற்கிறது. உரம் ஏற்ற ஓரம் உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கினேன், மூட்டை அதில்தான் உட்காரும்.

செலவு வாங்கின விலையில் ஐந்தில் ஒரு பங்கு வந்துவிட்டது. விற்றவருக்குப் போன் செய்தேன். "டாக்டர் வண்டி சார் அது" என்றார்.

மன்னவனூர்_வளைவு | பிப்ரவரி 2, இரவு 9.30

தொட்டித் தரையை மூன்றாவது தடவை மாற்ற நேற்றுப் பட்டறையில் விட்டிருக்கிறேன். கழட்டின தகட்டின் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. டீச்சர், கழுவின தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறேன், கொடைக்கானலிலிருந்து பார்சல் போட்டால் பார்த்துச் சொல்வீர்களா?

ஊட்டி_சோதனைக்குழாய் | பிப்ரவரி 2, இரவு 9.50

பார்சல் எதற்கு அண்ணா, உங்கள் பக்கத்துப் பள்ளியிலேயே செய்து தருவார்கள். ஊற்றுத் தண்ணீர் பாட்டிலையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.